நாலாவது ஆள்

கதவு திறந்திருந்தது. பறந்துகொண்டிருந்த விமானத்தின் கதவு. நான் தரையில் முழங்காலில் நின்றேன். இடுப்புப் பட்டி என்னைப் பின்சுவரோடு பிடித்து வைத்திருந்தது. மடியில் ஒரு கறுப்புக் குப்பைப் பை.

வெளியே ஒன்றுமே இல்லை. அழகுக்காகச் சொல்லவில்லை. கீழே பனி, மேலே முகில், இரண்டும் ஒரே வெள்ளை. நடுவில் கோடு கிடையாது. நிலம் இருநூறு அடி கீழே இருக்கிறதா, இருபது அடி கீழே இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. வடதுருவப் பக்கம் பறக்கிறவர்கள் இருட்டுக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. இந்த வெளிச்சத்துக்குத்தான் பயப்படுவார்கள்.

உயரம் காட்டுகிற கருவி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டை பூட்டிய சின்ன விமானத்தைப் பனியில் இறக்கும்போது, கடைசிச் சில அடிகளுக்கு மனிதக் கண்தான் வேண்டும். அந்தக் கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அதற்குத்தான் குப்பைப் பை. கறுப்பாக ஏதாவது கீழே கிடந்தால், அதோ தரை என்று விமானிக்குப் பிடிபடும்.

முதற்பைக்குள் பழஞ்சாக்குகளை அடைத்து எறிந்தேன். காற்று உருட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது பைக்குள் அவசர உணவுப் பெட்டியிலிருந்து தகரப்பேணிகளைப் போட்டு எறிந்தேன். அது விழுந்த இடத்தில் கிடந்தது. ஆனால் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு தூரம் பார்க்க முடியாது. இரண்டாவது புள்ளி வேண்டும். இனிப் பேணியில் கைவைக்காதே என்று கப்டன் சொல்லிவிட்டார். இறங்கிய இடத்தில் அகப்பட்டுப்போனால் நாங்கள் சாப்பிட வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது பையைப் பாரமாக்க என்ன இருக்கிறது? என் கை தானாகவே குளிர்ச்சட்டைப் பொக்கற்றுக்குள் போனது. உள்ளே ஒரு கல் இருந்தது. ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலில் எங்கள் கட்டடத்தடியில் அம்மா பொறுக்கித் தந்த கல்.

கீழே, பனிக்கட்டியின் மேல், அப்பெண்டிக்ஸ் வெடித்த ஒரு மனிதன் படுத்திருந்தான். மேலே நான். இந்தக் கல்லைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவராவிட்டால் அதோடு பறப்பை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

எஞ்சினியர் மாப்பிள்ளை

போன வாரம், தலைக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு மைனஸ் நாற்பதில் இறங்கி, தலைமயிர் மெழுகுதிரியாய்ப் போன கதையை எழுதியிருந்தேன். மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகர் பத்திரிகைக் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்து, உவர் உண்மையிலேயே கனடா விமானப்படையில் இருந்தவரோ, சும்மா அளக்கிறாரோ என்று விசாரித்தாராம். இருந்தேன் ஐயா. அளக்கவும் செய்வேன். ஒன்று மற்றதைத் தடுக்காது.

என் வேலைக்கு 'பிளைற் எஞ்சினியர்' என்று பெயர். எங்கள் சொந்தக்காரருக்கு அதில் இரண்டாவது சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. கலியாண மண்டபங்களில் என்னைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் "இவர் எஞ்சினியர்" என்று அறிமுகம் செய்து வைத்தார்கள். இரண்டு சம்பந்தம் வந்தது.

உண்மையில் நான் செய்தது என்ன? பீப்பாவிலிருந்து எரிபொருளைக் கைப்பம்பால் அடிப்பேன். இறங்கியவுடன் எஞ்சினுக்குப் போர்வை போர்த்துவேன். விமானத்தின் இரண்டு செட்டையிலும் விழுந்த பனியைத் தும்புத்தடியால் கூட்டுவேன். சாமான்களை நிறுத்து ஏற்றி, அசையாமல் கட்டுவேன். பறக்கும்போது இரண்டு விமானிகளுக்கும் பின்னால் இருந்து கருவி முள்ளுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சம்பந்தம் பேச வந்த ஒரு தகப்பன், தம்பி எந்த யூனிவர்சிற்றி என்று கேட்டார். தும்புத்தடி யூனிவர்சிற்றி என்று சொன்னேன். பேச்சு அதோடு நின்றது.

அந்தப் படைக்குப் போவதற்கு முன் நான் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சக் காலம் அதுவும் நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பெட்டியை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கீழே நின்று பார்க்கிற வேலை எனக்கு அலுத்துவிட்டது. பெட்டி போகிறது, நான் நிற்கிறேன். ஒருநாள் போய் விண்ணப்பித்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஆமியோ?"

ஆமி இல்லை, எயார் ஃபோர்ஸ் என்றேன்.

"அது அதைவிட மோசமெல்லே" என்றார். விமானக் குண்டுக்குப் பதுங்கி எங்கள் ஊரில் வாழ்ந்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனாலும் போனேன்.

மூன்றாம் மாடியில் இறங்கியவர்

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடித்து முதன்முதலாகச் சீருடையோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் கட்டடத்தின் எலிவேற்றரில் ஒரு அங்கிள் நின்றார். ஒன்பதாம் மாடிக்காரர். தேவாலயத்தில் எங்களுக்கு முன் வாங்கில் இருப்பவர். என்னைப் பார்த்ததும் அவர் பார்வை நிலத்துக்குப் போய்விட்டது.

"வணக்கம் அங்கிள், நான் பிலோமினாவின்ரை மகன்" என்றேன்.

ஓம் ஓம், தெரியும் தம்பி என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் மாடியில் இறங்கிவிட்டார். மிச்ச ஆறு மாடியும் படியால் ஏறியிருப்பார். அவருக்கு முழங்கால் வருத்தம் வேறு.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என்னைக் கண்டு இறங்கவில்லை, உடுப்பைக் கண்டு இறங்கினார், ஊரில் ஆமியைக் கண்டால் ஒதுங்கிய பழக்கம். அதற்குப் பிறகு நான் அந்தக் கட்டடத்துக்குள் சீருடையோடு போனதில்லை. பையில் மடித்து வைத்துக்கொண்டு போவேன். அம்மா அதை எடுத்துத் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, கதவுக்குப் பின்னால் வெளியில் தெரியாமல் கொழுவிவிடுவார்.

மூன்று பேர்

என்னை வடக்கே யெலோநைஃபுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து இன்னும் வடக்கே, மரமே முளைக்காத தீவுகளுக்கும் உறைந்த கடலுக்கும் பறக்க வேண்டும். பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார், ஒரு பிளேனில் எத்தனை பேர் போவீர்கள் என்று.

இரண்டு பைலட், நான் ஒரு ஆள், மூன்று பேர் என்றேன்.

அம்மா கையிலிருந்த காலுறையைக் கீழே வைத்தார். குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கையில் ஒரு கல். பெரிய கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அளவு. ஒரு பக்கத்தில், கார் நிறுத்துமிடத்தில் கோடு போட அடித்த மஞ்சள் பெயின்ற் ஒட்டியிருந்தது.

"இந்தா. உவர்தான் நாலாவது ஆள்."

உங்களில் பலருக்கு விளக்கம் தேவையில்லை. மூன்று பேராய் ஒரு காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழைய எண்ணம். வெளிக்கிட்டே ஆகவேண்டுமென்றால் ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொள். அது நாலாவது ஆள். கணக்குச் சரி.

ஆனால் அம்மா அந்த மாதிரி ஆள் இல்லை. மன்னாரில் பதினைந்து இருபது வருஷம் கோயில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவர். பல்லி சொன்னது, பூனை குறுக்கே போனது என்று எவராவது வாயைத் திறந்தால், அது பாவம் என்று அந்த இடத்திலேயே சொல்கிறவர். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, நீங்கள் படிப்பிச்ச ஆள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூண்டு பேர்தானே?"

"அவையள் ஒரு இடமும் வெளிக்கிட்டுப் போறேல்லை" என்றார்.

இதைப் பிறகு ஒரு பாதிரியாரிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகுதான் நிபந்தனை வந்தது. "கல்லு உன்னோட போய் உன்னோட வரவேணும். ஒருநாள் நீ வந்து கல்லு வரேல்லையெண்டால், அதோட உந்தப் பறப்பு முடிஞ்சுது. மாதாவில கைவைச்சுச் சொல்லு."

வரவேற்பறை அலுமாரியில் நின்ற மாதா சுரூபத்தில் கைவைத்துச் சொன்னேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏனென்றால் அம்மா எதை நினைத்துக்கொண்டு அதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவும் என் மாமாவும் அயலவர் ஒருவரும் சண்டைக் காலத்தில் ஒருநாள் வள்ளத்தில் போனார்கள். மண்ணெண்ணெய் வாங்க. மூன்று பேர். ஒழுங்கையில் நின்ற ஒரு மனிசி, மூண்டு பேராய்ப் போகினம் பிலோமினா, ஒரு கல்லைக் குடுத்துவிடு என்று சொன்னாவாம். வேதக்காரருக்கு உது ஒண்டுமில்லை என்று அம்மா சிரித்தாராம். வள்ளமும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. கடலோ, கடலில் துவக்கோடு நின்றவர்களோ, தெரியாது. எனக்கு அப்போது நடக்கத் தெரியாது.

இதை அம்மா எனக்குச் சொன்னதில்லை. மாமி சொன்னது.

கிளென் விசில் அடிப்பதில்லை

எங்கள் கப்டனின் பெயர் கிளென். நியூஃபவுண்ட்லாந்துக்காரர், மீன்பிடிக் குடும்பம், பேச்சு குறைவு. துணை விமானி ஜோசி, கியூபெக்காரி, கிளென் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுவாள்.

சின்ன விமானத்தில் எல்லாவற்றுக்கும் நிறை பார்க்க வேண்டும். முதற்கிழமையே என் பொக்கற் தொங்குவதைக் கிளென் கண்டுவிட்டார். என்ன அது என்று கேட்டார். கல் என்றேன். ஏன் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். அப்பாவின் கதை தவிர. அது பிறகு, ஒரு பனிப்புயலில் மூன்று பேரும் ஒரு கூடாரத்துக்குள் அடைபட்டுக் கிடந்தபோது சொன்னது.

ஜோசி சிரித்தாள். கிளென் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் வள்ளத்தில் ஏறினால் விசில் அடிக்க மாட்டோம், பன்றி என்ற சொல்லை வாயால் எடுக்க மாட்டோம் என்றார். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், அந்த மனிதன் விமானத்துக்குள் ஒருநாளும் விசில் அடித்ததில்லை.

அன்று தொடக்கம் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் கிளென் பின்னால் திரும்பாமலே ஒரு கேள்வி கேட்பார்: "நாலு பேரும் ஏறியாச்சா?" நான் பொக்கற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏறியாச்சு என்பேன். மூன்று பருவம் அப்படியே பறந்தோம்.

வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் கல்லை மாதாவின் காலடியில் வைக்க வேண்டும். அம்மா அதைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார். நான் வந்ததும் கல் வந்ததும் அவருக்கு ஒரே செய்திதான்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது. மூக்குக்குள் மயிர் உறைகிற குளிரில், வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வருகிற இடத்தில், நான் சந்தோஷமாக இருந்தேன். கோடையில் சூரியன் மறையாது. பொழுது படாட்டி செபமாலை எப்ப சொல்லுறது என்று அம்மா தொலைபேசியில் கவலைப்படுவார். நான் செட்டையில் ஏறி நின்று, பனி முழுக்க நீலமாய்க் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே என்னை யாரும் உடுப்பை வைத்துப் பார்க்கவில்லை. அந்த வேலையை விடச் சொன்னால் எனக்குக் கை முறிந்த மாதிரித்தான்.

பை

இனித் திறந்த கதவுக்கு வருகிறேன்.

மார்ச் மாதம் என்று நினைக்கிறேன். ஒரு தீவில் எரிபொருள் பீப்பாக்களை இறக்கிவிட்டு, வெறும் விமானத்தோடு நின்றோம். றேடியோவில் அழைப்பு வந்தது. உறைந்த கடலின் மேல் பயிற்சி முகாம் போட்டிருந்த படையினரிடமிருந்து. அவர்களுக்கு வழிகாட்டப் போன உள்ளூர் ஆள் ஒருவருக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டது. முகாமில் இருந்த மருத்துவ உதவியாளன் ஒருவன்தான், அவன் மற்றவர்களை விட்டுவிட்டு வரமுடியாது. பெரிய விமானம் வர அடுத்த நாளாகும். வானம் மூடிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் நாங்கள் மட்டும்தான்.

போனோம். முகாம்காரர் எங்களுக்காகக் குறித்து வைத்திருந்த இடத்தில் புதிதாக ஒரு வெடிப்பு ஓடி, தண்ணீர் கறுப்பாய்த் தெரிந்தது. அங்கே இறங்க முடியாது. பனிமேட்டுக்கு மறுபக்கம் மட்டமாக ஓர் இடம் இருக்கிறது என்று கிளென் முன்பே பார்த்து வைத்திருந்தார். அங்கே ஒரு குறியும் இல்லை. முகாம்காரர் நோயாளியோடு வெடிப்பைச் சுற்றி மெதுவாகத்தான் வரமுடியும். குறியை மேலிருந்து நாங்கள்தான் போட வேண்டும். அப்படித்தான் நான் கதவடியில் முழங்காலில் நின்றேன்.

கல்லைக் கையில் எடுத்துவிட்டேன். தலையில் மாட்டிய கருவியில் சொன்னேன், பாரத்துக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது நாலாவது ஆள் என்று.

ஜோசி திரும்பி என்னைப் பார்த்தாள். அவர்கள் இருவருக்கும் சத்தியத்தின் கதை தெரியும்.

கிளென்தான் பேசினார். "அதை எறி என்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு சுற்று வருவேன். அதற்கு மேல் எரிபொருள் இல்லை."

ஒரு சுற்று. அவ்வளவுதான் என் யோசனைக்கு இருந்த நேரம். நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. உள்ளே போட்டிருந்த கறுப்புக் கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். கல்லை அதற்குள் சுற்றினேன், மஞ்சள் பெயின்ற் கடைசியாகத் தெரிந்தது. பைக்குள் வைத்து, வாயை இறுக்கிக் கட்டினேன். மஞ்சள் பெயின்ற் கடைசியாகத் தெரிந்தது. கிளென் இப்போது என்றார். எறிந்தேன்.

பை விழுந்தது, ஒருமுறை புரண்டது, நின்றது. பேணிப் பைக்கும் அதற்கும் நடுவில் நிலம் திடீரென்று வந்தது. அதுவரை இல்லாத நிலம். ஜோசி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், செபமோ தூஷணமோ தெரியாது. சறுக்குக் கட்டை பனியில் உரசுகிற சத்தம் கேட்டது.

எஞ்சினை நிறுத்தவில்லை. முகாம்காரர் பனி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் ஆளைக் கொண்டுவந்தார்கள். ஐசாக் என்று பெயர். என்னிலும் கொஞ்சம் வயது கூட. முகம் சாம்பலாய் இருந்தது. நாங்கள் தூக்கி ஏற்றும்போது கண்ணைத் திறந்து, இந்த வெளிச்சத்தில் நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

கதவைச் சாத்தப் போனேன். மோட்டார் சைக்கிள்காரன், வேறு ஏதாவது வேண்டுமா என்று சைகையால் கேட்டான். பை பின்னால், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கிடந்தது. அவன் போய் எடுத்து வர அதிக நேரம் பிடிக்காது. ஆனால் அதற்கும் அப்பால் நின்ற முகில் இப்போது நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிளென் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐசாக் முனகினான்.

ஒன்றும் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கதவைச் சாத்தினேன்.

"நாலு பேரும் ஏறியாச்சா?" என்று கிளென் கேட்டார். பழக்க தோஷம். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. கழுத்து அப்படியே நின்றது.

ஏறியாச்சு என்றேன். எனக்கும் பழக்க தோஷம்தான்.

மஞ்சள் பெயின்ற்

ஐசாக்கை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். வயிற்றை வெட்டிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். தப்பிவிட்டான் என்று இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது.

எனக்கு அந்தக் கிழமை விடுமுறை. ரொறன்ரோவுக்கு வரவேண்டும். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் மாதாவின் காலடியில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜோசி நல்லவள். யெலோநைஃபில் தேடி, அதே அளவில் ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். விமானக் கொட்டகையில் கிடந்த மஞ்சள் பெயின்றை எடுத்து ஒரு பக்கத்தில் பூசி, பழசாய்த் தெரியச் சப்பாத்தால் தேய்த்தும் இருந்தாள். கையில் வாங்கிப் பார்த்தேன். திறமான வேலை. அம்மா ஏமாந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். (அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இந்தத் தொடரை வாராவாரம் அச்சுக்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறார். மீன் இல்லை, றால் என்று நேற்றுத் திருத்தினார். எனக்கு மீன் என்றுதான் ஞாபகம். மீனாகவே இருக்கட்டும்.)

முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"எங்க ஆள்?"

சப்பாத்தோடு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை வெளிச்சம், பேணிகள், ஒரு சுற்று, பை, மோட்டார் சைக்கிள்காரன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அம்மா மீனை வெட்டி முடித்து, மஞ்சள் பிரட்டி வைத்துவிட்டு, கையைக் கழுவினார்.

"அந்தப் பொடியன் தப்பிட்டானோ?"

"ஓம் அம்மா."

"பேர் என்ன?"

"ஐசாக்."

"ஈசாக்கு" என்று திருத்தினார். மறைக்கல்வி ரீச்சர் அல்லவா. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்தார்.

நானே முந்திக்கொண்டேன். சத்தியம் சத்தியம்தான், நீங்கள் வேண்டாம் என்றால் நான் இனிப் போகவில்லை என்றேன். பனியும் செட்டையும் நீலமும் எல்லாம் கையைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

அம்மா அதைக் காதில் வாங்கினாரோ தெரியாது. மாதா சுரூபத்தின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வெறும் இடம், தூசியில் கல்லின் அடையாளம்.

"கொப்பருக்கு நான் கல்லுக் குடுத்துவிடேல்லை" என்றார்.

என் வாழ்க்கையில் அப்பாவின் அந்தக் கதையை அவர் வாயால் கேட்டது அந்த ஒரே முறைதான். போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"குடுத்திருந்தாலும், அதைப் பத்திரமாக் கொண்டுவாங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன். விசர்." மூக்கை உறிஞ்சினார். "நாலாவது ஆளைக் கூட விடுறது என்னத்துக்கு? ஒருத்தர் இறங்கவேண்டி வந்தால், அவர் இறங்கட்டும் எண்டுதானே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு நிறையவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும், வீட்டுச் சட்டைக்கு மேலே குளிர்க் கோட்டைப் போட்டார். கார்க் கண்ணாடியில் பனி சுரண்டுகிற தகட்டைக் கொளுக்கியிலிருந்து எடுத்தார். எங்கே என்று கேட்டேன். எங்கே போகிறாய் என்று பின்னால் கேட்கக் கூடாது என்றார். அதுவும் மறைக்கல்வியில் இல்லாத பாடம்தான்.

பல்கனியில் நின்று பார்த்தேன். அந்த வருஷம் குளிர் விட்டபாடில்லை, நிலம் கல்லாய் இறுகிக் கிடந்தது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், வாகனங்களுக்கு நடுவில், அம்மா குந்தியிருந்து உறைந்த மண்ணிலிருந்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் மாடி அங்கிள் பக்கத்தால் போனார். நின்றார். கொஞ்ச நேரம் ஏதோ பேசினார்கள். பிறகு அவரும் வருத்தக் காலோடு குனிந்து, சப்பாத்து நுனியால் அந்த இடத்தை உதைத்துக் கொடுத்தார்.

விடுமுறை முடிந்து வெளிக்கிட்ட அன்று என் பை வழமையை விடப் பாரமாக இருந்தது. பையின் சிப்பை இழுத்துத் திறந்தேன். மடித்த சீருடைக்கு மேலே இரண்டு கல் கிடந்தன.

ஏன் அம்மா இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்டு எறியிறதுக்கு" என்றார். "மற்றது வீட்டை வாறதுக்கு."